ஜெராக்ஸ் கடையில் கிடந்த என் அறிக்கை

போன மாதம் தம்பு செட்டித் தெருப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டிருந்தேன். நான் மெயிலில் அனுப்பியதைத் தேட கடைக்காரர் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தார். வக்காலத்து, கிரயப் பத்திரம், யாருடையதோ ஆதார், இன்னொருவரின் விவாகரத்து மனு. நடுவில் ஒரு ஃபைலின் பெயரை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. பார்த்த மாதிரி என்ன, அந்தப் பெயரை வைத்ததே நான்தான். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு வக்கீலுக்கு எழுதிக்கொடுத்த டிஜிட்டல் தடயவியல் அறிக்கை, கட்சிக்காரர் பெயரோடு.

எப்படி வந்தது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. நான் வக்கீல் சாருக்கு அனுப்பினேன், அவர் ஜூனியருக்குத் தள்ளிவிட்டார், தாக்கல் செய்ய நாலு செட் வேண்டும் என்பதால் ஜூனியர் அதைக் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்குத் தட்டிவிட்டார். பத்தரை மணிக்குள் ஹைகோர்ட்டுக்கு ஓடவேண்டிய பிள்ளையை என்ன சொல்லித் திட்டுவது?

எங்கள் தொழிலில் ஒரு வேடிக்கை. மூல ஹார்ட் டிஸ்க்கை, அதில் எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் ரைட் பிளாக்கர் போடாமல் தொடமாட்டோம், உறையில் போட்டு சீல் வைப்போம், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று நிமிடக் கணக்கோடு எழுதிவைப்போம். அதிலிருந்து சாறு பிழிந்து எடுத்த அறிக்கை மட்டும் சாதாரண பிடிஎஃப் ஆக ஊர் சுற்றும். டிஸ்க்கைத் திருடியவன் அதில் என்ன இருக்கிறது என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அறிக்கையில் நாமே தேடி, பக்க எண் போட்டுக் கொடுத்துவிடுகிறோம்.

ஒரு செல்போனை முழுசாக எடுத்து அறிக்கை போட்டால் ஆயிரக்கணக்கான பக்கம் வரும். அழித்த மெசேஜ், போன் எந்தெந்த வைஃபையில் சேர்ந்தது, படங்கள் எடுத்த இடம், காலரியிலிருந்து நீக்கியும் குட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கும் தம்ப்நெயில் எல்லாம் உண்டு. வழக்குக்கு வேண்டியது பதினோரு மெசேஜ்தான் என்றாலும் கூடவே அவர் மகளின் பள்ளிக் குழுவில் இருக்கும் அம்மாக்களின் நம்பரெல்லாம் போகிறது. அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

ஹாஷ் இருக்கிறதே என்பார்கள்; ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டு எடுக்கும், கைரேகை மாதிரியான ஒரு மதிப்பு அது. 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணுச் சாட்சியத்தோடு தரும் சான்றிதழிலேயே ஹாஷ் மதிப்பைக் குறிப்பிட வேண்டும், சரி. ஆனால் ஃபைல் மாறியதா என்பதைத்தான் ஹாஷ் சொல்லும், யார் பார்த்தார்கள் என்பதை அல்ல. கேரளாவில் ஒரு நடிகை கடத்தப்பட்டு பாலியல் வன்கொடுமைக்கு ஆளான வழக்கில், அந்த வீடியோ இருந்த மெமரி கார்டின் நகலைக் குற்றம்சாட்டப்பட்டவருக்குத் தர 2019இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது, நேரில் பார்க்க மட்டும் அனுமதித்தது. அந்தக் கார்டு நீதிமன்றப் பாதுகாப்பில் இருந்தபோதே அதன் ஹாஷ் மாறியிருந்தது பின்னால் தெரியவந்தது. யாரோ திறந்தபோது அது மாறியதால்தான் அந்த அளவுக்காவது தெரிந்தது. பிடிஎஃப்பை நூறு பேர் நகலெடுத்தாலும் ஹாஷ் அப்படியே இருக்கும்.

நானும் யோக்கியன் இல்லை. ஆரம்பத்தில் பெயர்களின் மேல் கறுப்புப் பட்டை வரைந்து, மறைத்துவிட்டதாக நினைத்து அனுப்பியிருக்கிறேன். ஒரு ஜூனியர் போன் செய்து, "சார், அதை காப்பி பண்ணி நோட்பேட்ல போட்டா பேரு வருது சார்" என்றார். 2019இல் அமெரிக்காவில், டிரம்ப்பின் தேர்தல் பிரசாரத் தலைவராக இருந்த பால் மனாஃபோர்ட்டின் வக்கீல்களே நீதிமன்றத்தில் இப்படித்தான் மாட்டிக்கொண்டார்கள் என்று பிறகு என்னைத் தேற்றிக்கொண்டேன். ஜிப்பும் அப்படித்தான்: பாஸ்வேர்டு போட்டாலும் வழக்கமான ஜிப்பில் உள்ளே இருக்கும் ஃபைல்களின் பெயர்கள் தெரியும். பெயரிலேயே கதை இருந்தால் திறக்கவே வேண்டாம்.

இப்போது அனுப்புவதற்கு முன்னால், இது கடைசியில் எந்தக் கம்ப்யூட்டரில் பிரிண்ட் ஆகும் என்று கேட்கிறேன். வக்கீல்கள் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். தாக்கலுக்குத் தனியாகச் சின்ன அறிக்கை, அதில் சம்பந்தமில்லாதவர்கள் வெறும் 'நபர் 3', 'நபர் 4'. முழு டேட்டா என்க்ரிப்ட் செய்த டிரைவில் நேரில் போகும், பாஸ்வேர்டை போனில் சொல்வேன். ஃபைலுக்குப் பெயராக ஒரு எண், அவ்வளவுதான்.

அன்றைக்குக் கடைக்காரரிடம், "அண்ணா, அந்த ஃபைலை அழிச்சிடுங்க" என்றேன். அழித்தார். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொன்னேன், சிரித்துக்கொண்டே செய்தார். அப்படி அழித்ததை மீட்டுக் கொடுத்துத்தான் எனக்குச் சம்பளமே வருகிறது என்று அவரிடம் சொல்லவில்லை. மேசையில் அவர் போன் கிடந்தது, வாட்ஸ்அப் நோட்டிஃபிகேஷன் வந்துகொண்டே இருந்தது.