பன்றிக் கொட்டகைக் குறிப்புகள் – அணைக்கட்டு, வேலூர் மாவட்டம்

2024 மே 6
அக்னி நட்சத்திரம் பிறந்துவிட்டது. வேலூர் வெயில் தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்கிறது. வியர்த்து உடம்பைத் தணித்துக்கொள்ளும் வழி பன்றிக்கு இல்லை. உச்சி வேளையில் எதைப் போட்டாலும் முகர்ந்துவிட்டுப் படுத்துவிடுகிறது. இனி விடியுமுன் ஒரு வேளை, பொழுது சாய்ந்தபின் ஒரு வேளை. பகலெல்லாம் தண்ணீர் மட்டும் வற்றக் கூடாது.

மே 8
மூட்டைத் தீவனம் மறுபடி விலை ஏறியிருக்கிறது. பன்றி வளர்ப்புச் செலவில் முக்கால் பங்கு தீவனத்துக்கே போகும்போது, கடைக்காரர் சொன்ன விலைக்குத் தலையாட்ட என்னால் முடியாது. வளரும் குட்டிகளுக்கு நான் கலப்பது இதுதான். நூறு கிலோவுக்கு நொய் 45, தவிடு 30, கடலைப் புண்ணாக்கு 18, மீன் தூள் 5, தாது உப்புக் கலவை ஒன்றரை, சமையல் உப்பு அரை. புரதம் ஏறத்தாழ 17 சதவீதம் வரும். மீன் தூள் உப்புக் கரித்தால் சமையல் உப்பை விட்டுவிடுவேன்.

மீன் தூளைப் பார்த்து மூக்கைப் பொத்துகிறவர்கள் அதிகம். ஆனால் கடலைப் புண்ணாக்கில் புரதம் எவ்வளவு இருந்தாலும், புரதத்தின் ஓர் அங்கமான லைசின் குறைவு. சதை வைக்க அது வேண்டும். அந்தக் குறையை மீன்தான் நிரப்புகிறது.

மே 11
கடலைப் புண்ணாக்கு வாங்கக் குடியாத்தம் செக்கு மில்லுக்குப் போனேன். மூட்டையின் நடுவில் கைவிட்டுப் பார்த்தபோது பச்சைப் பூசணம். “வெயிலில் காய வைத்தால் சரியாகிவிடும் அம்மா” என்றார் மில்காரர். பூசணம் காயும், அது விட்டுச்சென்ற அஃப்ளாடாக்சின் நஞ்சு காயாது, வேகவைத்தாலும் போகாது. அது ஈரலைத் தின்றுவிடும். வேறு மூட்டை பிரிக்கச் சொல்லி வாங்கினேன். தவிட்டிலும் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் சிக்கு நாற்றம் அடித்துவிடும். இந்த வெயிலில் மாதக்கணக்கில் சேர்த்து வைப்பதில்லை.

மே 15
பக்கத்துக் கொல்லை மாமா வேலூர் ஓட்டல்களில் மிச்சச் சோறு எடுக்கிறார். இலவசமாம். விறகும் வண்டிச் செலவும் அவர் கணக்கில் இல்லை. பிளாஸ்டிக், பல்குச்சி, எலும்பு எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டு, கொதி வந்தபின் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் கிளறிக் கொதிக்கவிடச் சொன்னேன். 2020இல் வடகிழக்கில் தலைகாட்டிய ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல், வேகாத பன்றி இறைச்சி மிச்சத்தோடும் வரும். வந்தால் மருந்து கிடையாது. ஊறுகாய், கருவாட்டுக் குழம்பு அதிகம் சேர்ந்து தண்ணீரும் குறைந்தால் உப்பே நஞ்சாகிவிடும்.

மே 19
தங்கை மகன் அசோலாத் தொட்டி கட்டச் சொல்லி வீடியோ அனுப்பியிருக்கிறான். அசோலா தண்ணீரில் மிதந்து வளரும் சின்னப் பெரணிச் செடி. பத்து கிலோ அள்ளினால் ஒன்பது கிலோவுக்கு மேல் தண்ணீர். தொட்டுக்கொள்ளப் போடலாம், அதையே சாப்பாடாக்க முடியாது. சர்க்கரைவள்ளிக் கொடியும் வாழைத்தண்டும் சினைப் பன்றிக்கு வயிறு நிரப்பும். பால் மறந்த குட்டிக்கு அந்த நார் வேலைக்காகாது.

மே 24
தராசு இல்லாததால் தையல் நாடா. முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு, இரு காதுகளின் நடுவிலிருந்து வாலின் அடிவரை நீளம், இரண்டும் மீட்டரில். சுற்றளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் 69.3ஆலும் பெருக்கினால் எடை கிலோவில் வரும். என் பெரிய ஆண் பன்றிக்குச் சுற்றளவு 0.9, நீளம் 0.95, எடை ஏறத்தாழ 53 கிலோ. அதே வயதுள்ள மாமாவின் பன்றிக்கு வயிறு தொங்குகிறது, மார்பில் நாடா இறுகவில்லை. சோறு மட்டும் தின்றால் அப்படித்தான்.

“நாடா உன்னுடையது, கணக்கும் உன்னுடையது” என்று சிரித்தார். ஆனாலும் போகும்போது புண்ணாக்கும் மீன் தூளும் கேட்டார். சோற்றை நிறுத்த வேண்டாம் என்றேன். ஏறத்தாழ மூன்று கிலோ சோறு ஒரு கிலோ நொய்க்குச் சமம். அந்த அளவில் நொய்க்குப் பதில் சோறு போட்டு, மற்றவற்றை அப்படியே கலக்கலாம். அவருக்குப் புண்ணாக்கை இரவே ஊறவைத்துக் கொடுத்தனுப்ப வேண்டும்.