எடை பார்க்கும் அறை

நான்காவது முறையாகக் கர்ப்பமாகி வந்த பெண்ணிடம் நான் கேட்டது இதுதான்: “ஏம்மா, கருத்தடை மாத்திரையை ஒழுங்கா சாப்பிடலையா?” பக்கத்தில் மாமியார் நின்றிருந்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வெளியே ஓபி வரிசை நீண்டிருந்தது. இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் சேர்ந்த புதிது அது. இரண்டு நாள் கழித்துக் கிராம சுகாதார செவிலியர் சொன்னார்: “அவ எங்க மேடம் சாப்பிடறது? மாலா-என் மாத்திரைப் பட்டை கண்ணுல பட்டா வீட்டுக்காரர் அடுப்புல போட்டுடறாரு. மூணும் பொண்ணு. பையன் பொறக்கற வரைக்கும் விடமாட்டாராம்.” சீட்டில் நான் ‘மாத்திரை தவறவிட்டார்’ என்று எழுதியிருந்தேன்.

இப்போது எங்களிடம் எடை, பிரஷர் பார்க்கும் அறைக்குள் நோயாளி மட்டும்தான். கணவரோ மாமியாரோ பெற்ற தாயோ, யாராக இருந்தாலும் வெளியே. எல்லோருக்கும் ஒரே விதி என்பதால் சந்தேகம் வருவதில்லை. தனியாக இருக்கும்போது மட்டுமே கேட்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2013 வழிகாட்டுதலும் சொல்கிறது. “புள்ள எப்ப வேணும்னு வீட்டுல யாரு முடிவு பண்றாங்க?” கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வேன். சிலர் அழுவார்கள். பலர் “அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர்” என்பார்கள். இரண்டு மாதம் கழித்து அவர்களே சொல்வதும் உண்டு.

சொன்ன பிறகுதான் சிக்கலான வேலை. மாத்திரையை வீட்டில் ஒளித்துவைக்க முடியாது. 2017 முதல் அரசு தரும் அந்தரா கருத்தடை ஊசியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டால் போதும். ஆனால் மாதவிலக்கு தாறுமாறாகும், சிலருக்கு நின்றேபோகும். ‘தூரம்’ எப்போது என்று மாமியார் விரல்விட்டு எண்ணும் வீட்டில் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி என்றால், கணவருக்குத் தட்டுப்படாதபடி அதன் நூலைக் குட்டையாக வெட்டலாம். பிறகு எடுப்பது சிரமம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எது தோதுப்படும் என்பது அவளுக்குத்தான் தெரியும். ஊசி அட்டையை நாங்களே வைத்துக்கொள்கிறோம்.

கருக்கலைப்புக்குக் கணவர் கையெழுத்து தேவையில்லை. 1971 சட்டப்படி 18 வயது நிறைந்த பெண்ணின் ஒப்புதல் போதும். இருந்தும் “வீட்டுக்காரர் வரலையா?” என்று கேட்டு எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம்! இரண்டாவது பிரசவம் முடிந்த களைப்பில் கிடப்பவளிடம் “ஆபரேஷன் பண்ணிக்கோ” என்று நாங்கள் நெருக்கியதையும் இதோடு சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அவள் உடம்பைப் பற்றி இன்னொருவர் முடிவெடுப்பதுதானே அதுவும்.

போன மாதம் ஒரு பெண் குழந்தைக்குச் சளி என்று சீட்டு போட்டு வந்தாள். குழந்தை நன்றாகத்தான் இருந்தது. எடை பார்க்கும் அறைக்குள் நுழைந்ததும் குழந்தையை செவிலியரிடம் கொடுத்துவிட்டு, ஜாக்கெட் கையைச் சுருட்டி, ஊசிக்குக் கையை நீட்டினாள்.