குறையாத தண்ணீர் கேன்

ஒன்பதாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வு முடிந்த மூன்றாம் நாளே மகளுக்கு சம்மர் கேம்ப் தொடங்கிவிட்டது. 800 மீட்டர் ஓடுகிறவள். படிப்புக்காக ஒரு மாதம் ஷூவையே தொடாமல் இருந்துவிட்டு, ஏப்ரல் வெயிலில், சாயங்காலம் நாலு மணிக்கு, முதல் நாளே எட்டு ரவுண்டு. இரண்டாம் நாள் பி.டி. சார் போன் செய்தார். "ஒண்ணுமில்ல மேடம், லேசா மயக்கம். வந்து கூட்டிட்டுப் போயிடுங்க."

பழவந்தாங்கலிலிருந்து ஆட்டோ பிடித்து ஓடினேன். வேப்பமரத்தடியில் உட்கார வைத்திருந்தார்கள். முகம் வெளிறிக் கிடந்தது, கெண்டைக்கால் இழுத்துப் பிடித்திருந்தது, டீ-ஷர்ட்டெல்லாம் வாந்தி. கையில் யாரோ வாங்கிக் கொடுத்த பன்னீர் சோடா.

டாக்டர் முதலில் காய்ச்சல் பார்க்கவில்லை. "பேச்சு தெளிவா இருந்துச்சா? உளறினாளா, தள்ளாடினாளா?" என்றுதான் கேட்டார். இல்லை என்றதும் அவர் முகம் தளர்ந்தது. இது வெப்பச் சோர்வுதானாம். உளறியிருந்தால் ஹீட் ஸ்ட்ரோக் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். உள்சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். அப்போது ஒருவர் 108-க்குப் போன் போட, மற்றவர்கள் அந்த இடத்திலேயே குளிரவைக்க ஆரம்பித்துவிட வேண்டும். டிரம்மில் ஐஸ் தண்ணீர் இருந்தால் தலையைப் பிடித்துக்கொண்டு கழுத்து வரை இறக்கலாம், இல்லையென்றால் குழாய்த் தண்ணீரை மேலே விட்டுக்கொண்டே இருக்கலாம். வண்டி வரட்டும் என்று காத்திருக்கிற நிமிடங்கள்தான் ஆளைக் கொல்லும் என்றார். தோல் வறண்டிருந்தால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்று நான் நினைத்திருந்தேன். ஓடுகிற பிள்ளைகளுக்கு வேர்வை கொட்டிக்கொண்டிருக்கும்போதே வருமாம்.

உடம்பு வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும், பெரும்பாலும் முதல் வாரத்தில்தான் விழுகிறார்கள் என்றும் சொன்னார். எட்டு ரவுண்டு நினைவுக்கு வந்தது.

ஒரு வாரம் கழித்து நாங்கள் நாலு அம்மாக்கள் சேர்ந்து பி.டி. சாரைப் பார்க்கப் போனோம். கெட்ட மனிதர் இல்லை. "நாங்கல்லாம் மே மாசத்துல வெறுங்கால்ல ஓடினவங்க மேடம்" என்றார். 2003 மே 31 அன்று 45 டிகிரி அடித்த ஊர் சார் இது, அன்றைக்கும் ஓடினீர்களா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. பயிற்சியைக் காலை ஆறு மணிக்கு மாற்றச் சம்மதித்தார். ஆனால் சென்னைக் காலையையும் நம்ப முடியாது. வெயில் இருக்காது, புழுக்கம் இருக்கும். வேர்வை காயவே காயாது, காயாத வேர்வை உடம்பைக் குளிர்விக்காது. அதனால் முதல் ஐந்து நாள் பாதி நேரம், பாதி ரவுண்டு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது என்று பேசி முடித்தோம். ஒரு நீல டிரம் வாங்கி வைத்தோம். பார் ஐஸுக்கு மீன் மார்க்கெட்டில் சொல்லிவைத்தோம். மீன்காரம்மா தினமும் "எதுக்கும்மா, பிள்ளைங்களை ஊற வைக்கவா?" என்று கேட்டுச் சிரிப்பார். ஆமாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இருபது லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று, பக்கத்தில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட். பெரிய பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும். பிள்ளைகள் பாதியைப் பிரித்து ஒரு டம்ளரில் போட்டுக் கலக்கினார்கள், அதற்கும் ஒரு பாடம் எடுத்தாயிற்று.

வீட்டு எடை மெஷினில் மகளைப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் நிற்கவைத்தேன். போகும்போது 42 கிலோ, வந்ததும் 41.1. போன 900 கிராமும் தண்ணீர். உடல் எடையில் இரண்டு சதவீதத்துக்கு மேல் அப்படிப் போனால் ஓட்டமே தளர்ந்துவிடும். "தண்ணி குடிச்சியா?" "குடிச்சேன்மா."

மறுநாள் போய்க் கேனைத் தூக்கிப் பார்த்தேன். கனத்தது. பையன்கள் வந்து குடித்துவிட்டுப் போனார்கள், பெண் பிள்ளைகள் அந்தப் பக்கமே வரவில்லை. மகள் வாயைத் திறக்கவில்லை. அவளோடு ஓடுகிற குட்டிப் பெண்தான் மெல்லச் சொன்னாள்: "குடிச்சா பாத்ரூம் வரும் ஆன்ட்டி. பாத்ரூம் பூட்டியிருக்கு."

லீவு நாளாயிற்றே என்று பெண்கள் கழிப்பறையைப் பூட்டிவிட்டார்கள். பையன்களுக்குக் காம்பவுண்டுச் சுவர் போதும். இவர்களுக்கு? முந்தின ராத்திரியிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். நாங்கள் டிரம் வாங்கினோம், ஐஸ் வாங்கினோம், டாக்டரிடம் பாடம் கேட்டோம். கழிப்பறை ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நாலு பேரும் பெண்கள், அதுதான் கூடுதல் வெட்கம்.

சாவி வாட்ச்மேனிடம் இருந்தது. "ஆபீஸ்ல எழுதிக் குடுங்கம்மா" என்றார். எழுதிக் கொடுத்தோம், மூன்று நாள் போனது. நாலாம் நாள் பி.டி. சாரே போய்ச் சாவியை வாங்கி, விசில் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். கழுவிவிட ஒரு அக்காவைப் பிடித்தோம், சம்பளத்தை நாலு வீடும் பங்கு போட்டுக்கொண்டோம்.

அன்று ஏழரை மணிக்கெல்லாம் கேன் காலி. இனி தினமும் இரண்டு போடுங்கள் என்று கேன்காரத் தம்பிக்குப் போன் செய்தேன். "என்னக்கா, வீட்ல விசேஷமா?" என்றார்.