ஆறாவது ஆறு

தஞ்சாவூரிலிருந்து ஏலாக்குறிச்சிக்குப் போக ஆறு ஆறுகளைத் தாண்ட வேண்டும். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, திருவையாற்றில் காவிரி. அப்புறம் விளாங்குடி தாண்டிக் கொள்ளிடம். சின்ன வயதில் அப்பாவோடு பஸ்ஸில் போகும்போது ஒவ்வொரு பாலத்திலும் என் விரல் ஒன்றை மடக்கி, ஆற்றின் பெயரைச் சொல்லவைப்பார். காவிரியோடு ஒரு கை முடிந்துவிடும். கொள்ளிடத்துக்கு இடது கைக் கட்டை விரல்.

அப்பா போன சித்திரையில் இறந்துபோனார். பக்கவாதம் வந்து மூன்று வருடம் படுக்கையில் கிடந்தார். அண்ணனுக்கு வெளியூரில் வேலை. நான்தான் கூட இருந்தேன். துடைத்துவிடுவது, புரட்டிப் படுக்கவைப்பது, முதுகுப் புண்ணுக்கு மருந்து வைப்பது, கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டுவது என்று பகலும் இரவும் அதிலேயே போயின. அதைக் குறையாகச் சொல்லவில்லை. அடக்கம் முடிந்து, முப்பதாம் நாள் பூசையும் முடிந்ததும், ‘இனியாவது நிம்மதியாத் தூங்கும்மா’ என்று எல்லோரும் சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றைக்குப் போனதுதான் தூக்கம்.

இரவு இரண்டு மணிக்கு அப்பா கூப்பிடுவதுபோல இருக்கும். எழுந்து உட்கார்வேன். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். செபமாலையை எடுத்தால் ஐந்தாறு மணிக்குமேல் விரல் நகராது. 53 அருள் நிறைந்த மரியே சொல்லி முடிக்க எனக்கு முன்பெல்லாம் இருபது நிமிடம் போதும். சமைத்தேன், வேலைக்குப் போனேன், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் போனேன். உள்ளே மட்டும் ஈரத் துணியைப் பிழிவதுபோல யாரோ முறுக்கிக்கொண்டே இருந்தார்கள். ஒருநாள் அந்த இரண்டு மணிக்கு 14416 என்ற எண்ணைக் கூப்பிட்டேன். அரசு நடத்தும் இலவச மனநல உதவி எண் அது, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். எதிர்முனையில் ஒரு பெண் தமிழில் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். நேரில் ஒரு மருத்துவரைப் பாருங்கள் என்று சொன்னதும் அவள்தான். போய்ப் பார்த்தேன். மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள்.

அந்த மாத்திரைதான் அடுத்த பாரம் ஆயிற்று. செபக் கூட்டத்தில் ஒருவர், ‘விசுவாசம் இருக்கறவங்களுக்கு எதுக்கும்மா மன வியாதி மாத்திரை? செபம் பத்தல’ என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், சந்தேகமில்லை. ஆனால் அந்த வார்த்தை எனக்குள் ஆணியாக இறங்கிவிட்டது. ஏனென்றால் என்னிடம் ஏற்கனவே ஒரு ரகசியம் இருந்தது. அப்பா இறப்பதற்கு இரண்டு மாதம் முன்னால், ஒரே இரவில் நான்காவது தடவையாகப் படுக்கையை மாற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தபோது, ‘இவர் போய்ச் சேர்ந்துவிட்டால் நல்லது’ என்று நினைத்தேன். நினைத்தது மட்டுமில்லை, வாய்விட்டும் முணுமுணுத்தேன். அவர் காதில் விழுந்ததா என்று இன்றுவரை தெரியாது.

அத்தைதான் ஏலாக்குறிச்சிக்குக் கூப்பிட்டாள். அப்பாவின் தங்கை. என் முகத்தைப் பார்த்து எதையும் கேட்கவில்லை. ‘சனிக்கிழமை மாதாவைப் பாத்துட்டு வருவோம் பாப்பா, புளிச்சோறு கட்டிக்கறேன்’ என்றாள், அவ்வளவுதான்.

ஆடி மாதம். மேட்டூர்த் தண்ணீர் வந்து வாய்க்கால் எல்லாம் செம்மண் நிறத்தில் ஓடியது. குறுவைப் பயிர் தூர்கட்டி நின்றது. நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து விரல்களை மடக்கிக்கொண்டு வந்தேன். கொள்ளிடப் பாலத்தில் பஸ் ஏறியதும் அத்தை முழங்கையால் இடித்தாள். எத்தனையோ வருடம் வெறும் மணலாகப் பார்த்த ஆறு அன்றைக்குக் கரையிலிருந்து கரைவரை ஓடிக்கொண்டிருந்தது. முக்கொம்பிலும் கல்லணையிலும் காவிரி தாங்காத வெள்ளத்தை இதில்தான் திருப்பிவிடுவார்கள். கொள்ளும் இடம் என்பதுதான் கொள்ளிடம் ஆயிற்று என்று அப்பா சொல்வார். இந்த ஆறு மட்டும் இல்லாவிட்டால் பெருவெள்ளம் வரும்போதெல்லாம் தஞ்சாவூர்ப் பக்கத்து வயல்கள் முழுகிப்போகும். அந்தப் பாலத்தைக் கடந்து முடிக்கும்வரை நான் கண்ணை எடுக்கவில்லை.

அக்கரையில் திருமானூர். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஏலாக்குறிச்சி. வீரமாமுனிவர் இந்த ஊருக்கு வைத்த பெயர் திருக்காவலூர். மாதாவுக்கு அடைக்கல மாதா என்று பெயர். இத்தாலியில் 1680இல் பிறந்த ஒரு மனிதர், முப்பது வயதுக்குமேல் இங்கே வந்து தமிழ் படித்து, சூசையப்பரைப் பற்றி 3,615 பாட்டில் ஒரு காவியம் பாடினார் என்பதை நினைத்தால் எனக்கு எப்போதும் மலைப்பாக இருக்கும். அதற்கு அவர் வைத்த பெயர் தேம்பாவணி, வாடாத மாலை. இந்தத் திருக்காவலூர்மேலேயே ஒரு கலம்பகமும் பாடியிருக்கிறார். அவர் எழுதியதில் என் மனதுக்கு நெருக்கமானது இன்னொன்று: அன்னை அழுங்கல் அந்தாதி. மகனைச் சிலுவையில் பார்த்த தாயின் அழுகையைப் பாடும் நூல். மாதாவுக்கு எத்தனையோ பெருமை உண்டு, எதை வேண்டுமானாலும் அந்தாதியாகப் பாடியிருக்கலாம். அவர் அழுகையை எடுத்துக்கொண்டார். நம் கோயில்களிலும் வியாகுல மாதா என்று ஏழு வியாகுலங்களோடு, அதாவது ஏழு துயரங்களோடு, ஒரு மாதாவை வைத்துக் கும்பிடுகிறோம். அழுகிற தாய்க்குப் பீடம் கட்டியிருக்கிற நாம்தான், பக்கத்து வீட்டுக்காரி அழுதால் விசுவாசம் போதவில்லை என்கிறோம். எனக்கு இது பெரிய வருத்தம்.

ஏலாக்குறிச்சியில் வழிவழியாகச் சொல்லும் ஒரு கதையும் உண்டு. அரியலூர் அரசர் மழவராயருக்கு ராஜபிளவை என்ற புண் வந்து, எந்த வைத்தியமும் கேட்காமல் கடைசியில் வீரமாமுனிவரிடம் வந்தாராம். முனிவர் மாதாவிடம் வேண்டிக்கொண்டு, பச்சிலையும் இந்த ஊர் மண்ணும் சேர்த்துப் புண்ணில் பூசினாராம். புண் ஆறியது, அரசர் கோயிலுக்கு நிலம் எழுதிக்கொடுத்தார். பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன் இந்தக் கதையை. அன்றைக்கு மாதா குளத்தங்கரையில் ஒரு அம்மா தன் பேரனுக்கு அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான், ‘பச்சிலையும்’ என்ற வார்த்தை என் காதில் தனியாக விழுந்தது. முனிவர் செபத்தோடு நிறுத்தவில்லையே. மருந்தும் அல்லவா பூசினார்?

கோயிலுக்குள், பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்கு எட்டுப் பத்துப் பேர் நின்றார்கள். நானும் நின்றேன். ரகசியம் காக்க வேண்டிய கடமை சாமியாருக்கு. எனக்கு நடந்ததை நான் சொல்லலாம் என்பதால் எழுதுகிறேன்.

முழங்கால் போட்டதும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அப்பாவைச் சாகச் சொன்னேன், செபம் சொல்வதில்லை, மாத்திரை சாப்பிடுகிறேன். வலைத்தட்டிக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, ‘நல்லாத் தூங்கி எத்தனை நாளாச்சும்மா?’ என்று கேட்டார். நான் எதிர்பார்த்த கேள்வி அது இல்லை. அழுதுவிட்டேன்.

அழுது முடிக்கும்வரை விட்டுவிட்டு, ‘மாத்திரையை ஏம்மா பாவத்தோட சேத்துச் சொல்றீங்க?’ என்றார். எலியாவைப் பற்றிச் சொன்னார். எலியா இறைவாக்கினர் சூரைச்செடிக்குக் கீழே உட்கார்ந்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டாரே, அதைச் சொன்னார். ‘அவரைக் கடவுள் திட்டலம்மா. உன் விசுவாசம் எங்க போச்சுன்னு கேக்கல. தூங்க விட்டார். தூதரை அனுப்பி எழுப்பி, தணல்ல சுட்ட அப்பமும் தண்ணியும் குடுத்தார். மறுபடி தூங்க விட்டார், மறுபடி எழுப்பிச் சாப்பிட வச்சார். பேச்செல்லாம் மலைக்குப் போனப்பறம்தான். நீங்க இன்னும் செடிக்குக் கீழதான் இருக்கீங்க.’

அப்பா விஷயத்தில் அவர் அவசரப்பட்டு என்னைத் தேற்றவில்லை. அதற்காக அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டே இருக்கிறேன். ‘வெறுப்புல வந்த நினைப்பா, பாரம் தாங்காம வந்ததா?’ என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். ‘தெரியலன்னா நீங்க தீர்ப்புச் சொல்லாதீங்க. அதை ஆண்டவர்கிட்ட விட்டுடுங்க’ என்று சொல்லி மன்னிப்பு வழங்கினார். பரிகாரமாகச் செபமாலையின் துயர மறைபொருளில் முதல் பத்துமணி மட்டும் சொல்லச் சொன்னார். சேசு பூங்காவனத்தில் இரத்த வியர்வை சிந்தியது. ‘அவரும் தன் துக்கத்தை வாயால சொன்னார்மா. சாவு வர்ற அளவுக்குத் துக்கமா இருக்கு, எங்கூட முழிச்சிருங்கன்னு மூணு பேரைக் கேட்டார். உங்களுக்கு ஒரு ஆள் கிடைப்பாங்களான்னு பாருங்க.’

மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வெளியே வந்தேன். உயரமாக நிற்கும் மாதா சிலைக்கு எதிரே, குளத்துப் படியில் அத்தை பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. என் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, அந்தப் பத்துமணியைச் சொன்னேன். பத்தும் நகர்ந்தன. அப்புறம், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, அந்த இரவில் நான் முணுமுணுத்ததை அத்தையிடம் சொன்னேன். அவளுடைய அண்ணனைப் பற்றி, அவளிடமே.

அத்தை கையில் இருந்த சோற்றைக் கீழே வைத்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

‘நானும்தான் பாப்பா வேண்டினேன்,’ என்றாள். ‘ஒவ்வொரு தடவையும் வந்து பாத்துட்டு, பஸ்ஸுல போறப்ப எல்லாம் அதான் வேண்டிக்கிட்டுப் போவேன். எங்கண்ணன் படுற பாடு போதும், கூட்டிக்க தாயேன்னு. அண்ணன்கிட்ட ஒருநாள் சொல்லவும் செஞ்சேன்.’

‘அப்பா என்ன சொன்னாரு?’

‘பேச்சுதான் கொழறுமே. கையைத் தூக்கி என் தலையில வச்சுது.’

எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தோம் என்று தெரியாது. குளத்தில் ஒரு பையன் பொரி போட்டுக்கொண்டிருந்தான். மீன்கள் வாயைப் பிளந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறின. அத்தை என் கையை விடவில்லை.

இப்போது எனக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். அந்தப் படபடப்பு மாதத்தில் இரண்டு மூன்று தடவை வரத்தான் செய்கிறது. மாத்திரையை மருத்துவர் சொன்ன அளவில் தொடர்கிறேன். இரவில் செபமாலை ஒரு பத்துமணிதான். அதுவும் முடியாத நாளில் அதன் சிலுவையை, பாடுபட்ட சுரூபத்தை மட்டும் கையில் பிடித்துக்கொள்கிறேன். விழிப்பு வந்தால் அத்தைக்குப் போன் அடிப்பேன். எழுபது வயதில் இரண்டு மணிக்கு எடுத்து, ‘சொல்லு பாப்பா’ என்பாள். சில நாள் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. அவள் வீட்டு மின்விசிறியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டு வைத்துவிடுவேன்.

அன்றைக்குச் சாயங்காலம் திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். எப்படியோ இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. பாலத்தில் ஏறும்போது வெயில் சாய்ந்திருந்தது, கொள்ளிடம் முழுக்கச் செம்பு நிறம். இடது கைக் கட்டை விரலை மடக்கினேன். திரும்பும்போது அதுதான் முதல். காவிரிக்கு வலது கையைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தது நினைவிருக்கிறது. திருவையாறு வந்தது தெரியாது. குடமுருட்டி தெரியாது, வெட்டாறு தெரியாது, வெண்ணாறு, வடவாறு ஒன்றுமே தெரியாது. யாரோ தோளைத் தட்டினார்கள். கண்ணைத் திறந்தால் பஸ்ஸில் நானும் அத்தையும்தான் மிச்சம், வெளியே தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்ட் விளக்குகள். அத்தை மடியில் மத்தியானம் நான் தொடாத பொட்டலம். கையில் தண்ணீர் பாட்டில்.

‘எந்திரி பாப்பா. ரெண்டு வாய் சாப்பிடு.’

இறங்கி, அங்கே இருந்த சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து முழுவதையும் சாப்பிட்டேன். சோற்றில் புளி நன்றாக இறங்கியிருந்தது.