கோவெட்டின் பின்கதவுச் சட்டம்

மூன்று வாரமாக ஒரே காரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். பீம்என்ஜி டிரைவ் என்ற கார் ஓட்டும் கம்ப்யூட்டர் கேமில் வரும் இபிஷு கோவெட். 1980களின் ஜப்பானியக் குட்டிக் கார்களை நினைவுபடுத்தும் ஹேட்ச்பேக். என்ஜின் முன்னால், இழுப்பதும் முன்சக்கரம்தான். கேமில் இருக்கும் ஹிரோச்சி ரேஸ்வே தடத்தில் வளைவு வந்தால் போதும், மூக்கைத் திருப்பவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் முன்டயர் கீச்சிட்டுக்கொண்டே வெளிப்பக்கம் நழுவும்.

இந்த அண்டர்ஸ்டியருக்கு எல்லாரும் சொல்லும் வைத்தியம், பின்பக்க ஆன்டி ரோல் பாரை இறுக்குவது. இடது, வலது சக்கரங்களைக் குறுக்கே இணைத்து, கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி அது. வளைவில் கார் சாயும்போது உள்டயர் மேலிருந்த எடை வெளிடயருக்குப் போகிறது. அதில் பெரும்பங்கைப் பின்பக்கம் வாங்கிக்கொண்டால், முன்டயர் இரண்டும் ஏறக்குறைய சமமாகத் தரையில் அழுந்தும், பிடிப்பு கூடும். ரேஸ் சஸ்பென்ஷனை மாட்டிவிட்டு பாரைப் பாதி ஏற்றினேன். லேசாகத் திரும்பியது. முழுக்க ஏற்றினேன். அதே லேசுதான். ஸ்பிரிங்கை மாற்றினேன், அதன் ஆட்டத்தை அடக்கும் டேம்பரை மாற்றினேன், பின்டயரில் காற்றைக் கூட்டினேன். ஒரு வாரம் போயே போய்விட்டது.

பிறகுதான் காரின் எலும்புக்கூட்டைப் பார்க்கலாம் என்று தோன்றியது. பெரும்பாலான ரேஸ் கேம்களில் காரின் உடம்பு வளையாத ஒரே கட்டி. நான்கு சக்கரமும் சஸ்பென்ஷனும் மட்டும் அசையும். ஜெர்மனியின் பிரெமென் நகரத்தில் இந்த கேமைச் செய்பவர்கள் வேறு வழியில் போனார்கள். இங்கே கார் என்பது நூற்றுக்கணக்கான எடைப்புள்ளிகள், அவற்றை ஒன்றோடொன்று கட்டும் பீம்கள். ஒவ்வொரு பீமும் ஒரு ஸ்பிரிங், ஒரு டேம்பர். நொடிக்கு 2000 முறை ஒவ்வொன்றின் இழுப்பையும் கணக்குப் போடுகிறது கேம். மேல்தகட்டை மறைத்து, பீம்களை மட்டும் காட்டச் சொல்லலாம். எதில் எவ்வளவு பளு ஏறுகிறது என்பது நிறமாகத் தெரியும்.

அதே வளைவை மிக மெதுவாக ஓடவிட்டுப் பின்னாலிருந்து பார்த்தேன். பின்கதவைச் சுற்றியிருக்கும் சட்டம் இருக்கிறதே, அந்தச் செவ்வகம், கார் வளைவுக்குள் நுழைந்ததும் மெல்ல இணைகரமாகச் சாய்ந்தது. வெளியே வந்ததும் நிமிர்ந்தது. நான் இறுக்கி வைத்த பாரின் பலமெல்லாம் அந்த ஓட்டையை முறுக்குவதிலேயே செலவாகிக்கொண்டிருந்தது. முன்டயருக்குச் செய்தி போய்ச் சேரவே இல்லை.

வீட்டில் தீப்பெட்டி இருந்தால் உள்ளே இருக்கும் குச்சித் தட்டை உருவிவிட்டு, மேல்கூட்டை மட்டும் இரு முனையிலும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். துணி மாதிரி வளையும். தட்டைத் திரும்பச் செருகினால் அசையாது. பெரிய பின்கதவு உள்ள ஹேட்ச்பேக்கும் கூரை இல்லாத காரும் தட்டை உருவிய தீப்பெட்டிகள்தான்.

கணக்காகவும் பார்க்கலாம். பாரும் உடம்பும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த இரண்டு ஸ்பிரிங் போல. பாரின் விறைப்பு 1000, உடம்பின் விறைப்பும் 1000 என்றால் மொத்தத்தில் கிடைப்பது 500. பாரை 2000 ஆக்கினால் 667. இரண்டு மடங்கு இறுக்கியும் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. உடம்பு 10,000 ஆக இருந்தால் அதே மாற்றம் 909இலிருந்து 1667க்குத் தாவும். ஸ்லைடரை நகர்த்தியும் கார் மாறவில்லை என்று தவித்தேனே, அதன் விடை இந்த நான்கு எண்களில் இருக்கிறது.

ரோல் கேஜை, அதாவது காருக்குள் கட்டும் குழாய்க் கூண்டை, மாட்டினேன். கார் உருண்டால் ஓட்டுபவரின் தலையைக் காப்பதற்கு என்றுதான் அதைப் பொதுவாக நினைப்போம். இந்த கேமில் அதுவும் நிஜமான பீம்களால் ஆனது. மாட்டியவுடன் உடம்பு விறைத்துவிடுகிறது. வேறு எதையும் தொடவில்லை. முதல் வளைவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன், பின்பக்கம் என்னை முந்திக்கொண்டு போய் கார் முழுச்சுற்று சுற்றிப் புல்லில் நின்றது. எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை! ஒரு வாரமாகப் போட்ட செட்டிங் எல்லாம் அன்றைக்குத்தான் வேலை செய்ய ஆரம்பித்தது. பின்பாரைப் பாதிக்கும் கீழே இறக்கிய பிறகே கார் கைக்குள் வந்தது.

ஆசை அதோடு நிற்கவில்லை. காரின் புள்ளிகளும் பீம்களும் எழுதப்பட்டிருக்கும் ஜேபீம் கோப்பைத் திறந்து, உடம்புப் பீம்களின் ஸ்பிரிங் எண்ணை மூன்று மடங்காக்கினேன். காரை இறக்கியதும் கதவு நடுங்கியது, கூரை நடுங்கியது, கார் நின்ற இடத்திலேயே துண்டு துண்டாகச் சிதறியது. லேசான புள்ளியை மிக விறைப்பான பீமில் கட்டினால், அது 2000இல் ஒரு பங்கு நொடிக்குள் அடங்காத வேகத்தில் அதிரும். ஒவ்வொரு கணக்கிலும் பிழை பெருகும். புள்ளியின் எடையைக் கூட்டினால் நிற்கும், ஆனால் காரும் கனத்துப்போகும். அதனால்தான் குழாயைக் குறுக்கே கட்டி விறைப்பாக்கும் பழைய வழி இங்கேயும் நல்ல வழியாக இருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் வளைவின் நடுவில் ஸ்டீயரிங்கில் ஒரு கொழகொழப்பு மிச்சமிருந்தது. காரில் தேடிப் பார்த்துச் சலித்துவிட்டு ஒருநாள் மேஜையைக் கவனித்தேன். கேம் ஓட்டும் ஸ்டீயரிங்கைக் கவ்வ வைத்திருந்த கம்ப்யூட்டர் மேஜையே, நான் ஒடிக்கும்போதெல்லாம் இடமும் வலமும் ஆடிக்கொண்டிருந்தது. எங்கள் தெரு முனையில் இருக்கும் கிரில் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பட்டறை அண்ணன் ஒரு மூலையை உள்ளங்கையால் தள்ளிப் பார்த்தார்.

"நாலு காலு இருந்தா போதுமா தம்பி? குறுக்கப் பட்டை இல்லாம கேட்டே நிக்காது."

பின்காலுக்கு நடுவே இரண்டு பட்டையைப் பெருக்கல் குறி போல வைத்து வெல்டு அடித்துக் கொடுத்தார். 450 ரூபாய். அவருக்கு பீம்என்ஜி தெரியாது. கோவெட்டின் பின்கதவை அவரிடம் காட்டியிருந்தால் பார்த்த நொடியில் சொல்லியிருப்பார்.

மேஜையை அறையில் போட்டதும் பின்டயர் நழுவத் தொடங்கும் அந்தச் சின்ன தளர்வு கைக்குத் தெரிய ஆரம்பித்தது. இப்போது பின்பாரை இன்னும் ஒரு படி இறக்கி, முன் ஸ்பிரிங்கையும் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறேன். கேஜோடு ஏறிய எடையில் எவ்வளவு பின்பக்கம் விழுகிறது என்று இன்னும் பார்க்கவில்லை. அது இந்த ஞாயிற்றுக்கிழமை வேலை.