மூணு பேண்டா பிரிச்சா தான் அழகு

பழைய டிபிஎக்ஸ் 3பிஎக்ஸ் ஒண்ணு கைக்கு வந்துச்சு, பாட்டோட சத்த ஏற்ற இறக்கத்தை மூணு பேண்டா (அலைவரிசைப் பகுதியா) பிரிச்சு விரிக்கற எக்ஸ்பேண்டர் பெட்டி இது, அமெரிக்க மாடல், அதனால ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் தேடவே ரெண்டு நாள் ஓடிருச்சு.

விஷயம் இதான். ரெக்கார்டு வெட்டும்போது சத்தத்தோட ஏற்ற இறக்கத்தை அமுக்கித்தான் வெட்டுவாங்க, இல்லன்னா மெதுவான இடமெல்லாம் இரைச்சல்ல மூழ்கிடும். எக்ஸ்பேண்டர் அதைத் திருப்பி விரிக்குது, சத்தமான இடத்தை இன்னும் ஏத்தி, மெதுவானதை இன்னும் இறக்கி. உள்ள ஒரு டிடெக்டர் சிக்னலோட ஆர்எம்எஸ் லெவலை, அதாவது ஒரு வகை சராசரி அளவை, அளந்துக்கிட்டே இருக்கும், அது சொல்ற வோல்டேஜுக்கு ஏத்தபடி விசிஏ, அதாவது வோல்டேஜால கட்டுப்படற ஆம்ப், கெயினை (சத்தத்தை ஏத்தற அளவை) மாத்தும். எவ்வளவு விரிக்கணும்னு சொல்ற நாப்-ஐ 1.5ல வச்சா 10 டெசிபல் வித்தியாசம் 15 ஆயிடும்.

சரி எதுக்கு மூணு பேண்டு? ஒரே பேண்டா இருந்தா தவில்ல ஒரு அடி விழுந்த உடனே மொத்த கெயினும் ஏறி, பின்னாடி இருக்கிற உஸ்ஸுங்கற இரைச்சலும் கூடவே ஏறி இறங்கும், யாரோ மூச்சு விடற மாதிரி கேக்கும், கடுப்பா இருக்கும். லோ, மிட், ஹைன்னு ஃபில்டர்ல பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் தனி டிடெக்டர், தனி விசிஏ குடுத்தா, அடி விழுந்தா கீழ் பேண்டு தான் அதிகமா அசையும். முன்னாடி எல்ஈடி மூணு வரிசையும் தனித்தனியா ஆடறத பாத்துக்கிட்டே இருக்கலாம்.

நான் 1.2 தாண்டறதில்ல, அதுக்கு மேல போனா பாடறவர் முன்ன பின்ன நடக்கற மாதிரி இருக்கு. ஆம்ப்ல வெளிக் கருவி மாட்டற டேப் லூப்ல தான் மாட்டிருக்கேன், வால்யூமுக்கு முன்னாடி.