இதயம் பலவீனமான முதியவருக்கு நாடி தாறுமாறானால்

இதயச் செயலிழப்பு உள்ள முதியவருக்கு ஈசிஜியில் ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன் (இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிப்பது) தெரிந்ததும், "துடிப்பு எப்போது பழையபடி ஆகும்?" என்றுதான் வீட்டார் கேட்பார்கள். ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கு ஆபத்து என்றால் உடனே மின் அதிர்ச்சி (ஷாக்) கொடுக்க வேண்டியதுதான். மற்றபடி அந்தக் கேள்வியின் முறை கடைசியில்தான் வரும்.

முதல் வேலை பக்கவாதத்தைத் தடுப்பது. 75 வயதைத் தொட்டவருக்கு 2, இதயச் செயலிழப்புக்கு 1 எனப் பக்கவாத ஆபத்தைக் கணிக்கும் மதிப்பெண் எடுத்த எடுப்பிலேயே 3. ரத்தக்கசிவு போன்ற வலுவான தடை இல்லாவிட்டால் உறைவுத் தடுப்பு மாத்திரை வேண்டும்; ஆஸ்பிரின் அந்த இடத்தை நிரப்பாது. அபிக்சபான் வழக்கமாக 5 மி.கி., இருவேளை. வயது 80க்குக் குறையாமை, எடை 60 கிலோவுக்கு மிகாமை, கிரியாட்டினின் (சிறுநீரகத் திறனைக் காட்டும் ரத்த அளவு) 1.5க்குக் குறையாமை ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்தினால்தான் 2.5 மி.கி. வயதை மட்டும் பார்த்துப் பாதியாக்குவதை அடிக்கடி காண்கிறோம். பாதுகாப்பும் கூடவே குறைகிறது. செயற்கை உலோக வால்வு உள்ளவருக்கு வார்ஃபரின்தான்.

அடுத்தது வேகம். ஓய்வில் நிமிடத்துக்கு 110க்குள் வந்தால் தொடக்கத்துக்குப் போதும். நுரையீரலில் நீர் கோத்திருக்கும்போது, துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கரை அவசரமாக ஏற்றினால் மூச்சுத்திணறல் கூடும். நீரை இறக்கிவிட்டு, அந்த வகையைச் சேர்ந்த பைசோப்ரோலாலை 1.25 மி.கி.யில் தொடங்கி, இரண்டு வாரத்துக்குக் குறையாத இடைவெளியில் கூட்டுவதே சரி. எக்கோவில் பம்பிங் குறைந்திருந்தால், வேகத்தைக் குறைக்கும் வேறு மருந்துகளான டில்டியாசெம், வெராபமில் பக்கம் போகக் கூடாது. அவை இதயத் தசையின் சுருங்கும் வலுவை மேலும் குறைக்கும்.

ரத்த அழுத்தம் தாழ்ந்தவருக்கு வேகத்தைக் குறைக்க டிஜாக்சின் கைகொடுக்கும். ஆனால் அது சிறுநீரகம் வழியே வெளியேறுவது. வயிற்றுப்போக்கு வந்து உடல் வறண்டாலே ரத்தத்தில் தேங்கிவிடும். நீர் மாத்திரையால் பொட்டாசியம் இறங்கினால் நச்சுத்தன்மை இன்னும் சீக்கிரம் வரும். பசியின்மை, குமட்டல், மஞ்சளாகத் தெரியும் பார்வை ஆகியவற்றை முதுமையின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். தாளத்தைச் சீராக்கும் அமியோடரோன் சேர்த்தால் டிஜாக்சினைப் பொதுவாகப் பாதியாக்க வேண்டும். வார்ஃபரினும் இருந்தால் ஐஎன்ஆர் (ரத்தம் உறையத் தாமதமாவதைக் காட்டும் அளவு) எகிறும். அமியோடரோன் எடுப்பவருக்குத் தைராய்டு, கல்லீரல் பரிசோதனை ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

தாளத்தைத் திருப்ப ஷாக் சிகிச்சை முடிவானால், முன்பு மூன்று வாரம் உறைவுத் தடுப்பு மாத்திரை ஒரு வேளையும் தவறியிருக்கக் கூடாது. தவறியிருந்தால் உணவுக்குழாய் வழியே எடுக்கும் எக்கோவில் உறைகட்டி இல்லை என்று பார்த்தாக வேண்டும். ஷாக்குக்குப் பின்பும் குறைந்தது நான்கு வாரம் மாத்திரை தொடர வேண்டும்.

வீட்டில் அளப்பதிலும் ஒரு சிக்கல். பலவீனமான துடிப்புகள் மணிக்கட்டு வரை எட்டாது. நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்து முழு நிமிடம் எண்ணினால் 120 இருப்பது நாடியில் 90 என்றுகூடத் தெரியலாம். ரத்த அழுத்தத்தை மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் வேண்டாம்; நீரும் தேங்கும், கசிவும் கூடும். மூன்று நாளில் எடை இரண்டு கிலோ ஏறினாலோ, நாடி 50க்குக் கீழ் போய்த் தலைசுற்றினாலோ அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். விழுந்து தலையில் அடிபட்டால், வெளியே காயம் இல்லாவிட்டாலும் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு.